265 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 265 கி.மீ. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர்.-72 ரக விமானம், உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம் வருகிறது. பயணச்சீட்டிலோ ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருக்கிறார்கள். மீதி அரை மணி நேரம் எங்கே போனது?

கேட்க எளிய கேள்வி. ஆனால் விடை தேடிப் போனால், ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலைய ஓடுதளத்தில் தொடங்கி, அதற்குக் கிழக்கே நிற்கும் சேர்வராயன் மலையைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டம் வரை நம்மை அது இழுத்துச் செல்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் என்பது ஒரே ஓர் எண் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். தரையின் மேடு பள்ளம், பூமியின் வளைவு, மேலே வீசும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த எண்ணைப் படுத்தும் பாட்டைப் பார்க்க, அந்த மலைமேல் இருக்கும் ஏற்காட்டைப் போல வாகான இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த அரை மணி நேரம். விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று அறிவிப்பது விமானம் வானில் இருக்கும் நேரத்தை மட்டுமல்ல. சக்கரத்துக்கு அடியில் வைத்த முட்டுக்கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் முழுவதும் அதில் அடங்கும். சென்னையில் ஓடுதளம் வரை ஊர்ந்து போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகும் 500 கி.மீ. வேகம் உடனே வந்துவிடாது. மேலேறும்போது இயந்திரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே செலவாகிறது. முன்னே போகும் வேகம் அதனால் குறைவு. இறங்கும்போது வேகத்தை வேண்டுமென்றே குறைத்தாக வேண்டும். ஓடுதளத்தைத் தொடும் நேரத்தில் அது மணிக்கு 200 கி.மீ. அளவுக்கு வந்திருக்க வேண்டும். இத்தனை குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் கடப்பது பாதித் தூரம் இருந்தாலே அதிகம்.

அடுத்தது மலை. சென்னையிலிருந்து காமலாபுரம் ஓடுதளத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால், அது சேர்வராயன் மலையின் வடபுறத்துக்கு மேலாகப் போகிறது. ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் உச்சிகள் 1,600 மீட்டரைத் தாண்டுகின்றன. ஏற்காடு ஊரும் ஓடுதளமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 15 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. பயணிகள் விமானம் இறங்குவதற்கு உலகெங்கும் வழக்கமாகக் கொள்ளும் சாய்வு 3 பாகை. அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னே போனால் சுமார் 52 மீட்டர் கீழே வரலாம். மலையுச்சிக்கும் ஓடுதளத்துக்கும் உள்ள 1,300 மீட்டர் வேறுபாட்டைக் கரைக்க மட்டும் 25 கி.மீ. தேவை. உச்சியை உரசிக்கொண்டு எந்த விமானியும் பறக்க மாட்டார். அதற்கு மேல் சில நூறு மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். 15 கி.மீ.தான் இருக்கிறது, 25க்கும் மேல் வேண்டும் என்றால், மலையைத் தாண்டியதும் நேராக இறங்க முடியாது. சுற்றிக்கொண்டு வந்து ஓடுதளத்தின் திசைக்குத் திரும்பி இறங்க வேண்டும். வரைபடம் காட்டும் 265 கி.மீ., பறக்கும்போது நீண்டுவிடுகிறது.

இதே கணக்கை ஏற்காட்டு மலைப்பாதை மண்ணில் எழுதிக் காட்டுகிறது. சேலம் நகரத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் 14 கி.மீ. அளவுதான். சாலையில் சுமார் 30 கி.மீ.; இடையில் எண் போட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். அந்த உயரத்தைக் குறுகிய தூரத்தில் ஏறினால் சாய்வு கூடும்; காப்பி மூட்டை ஏற்றிய லாரி அதில் ஏறவும் முடியாது, இறங்கும்போது பிரேக்கும் தாங்காது. எனவே தூரத்தை நீட்டிச் சாய்வைக் குறைத்தார்கள். அடிவாரத்தில் பேருந்து ஏறியவருக்கு ஒவ்வொரு வளைவிலும் சேலம் நகரம் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் மாறி மாறித் தெரிவது இதனால்தான். சேலம் பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் வர ஆகும் நேரமும் அதுவே. நேர்கோட்டுத் தூரத்தில் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல 19 மடங்கு.

சரி, இந்த 265 என்ற எண் நமக்கு எப்படிக் கிடைத்தது? இன்று செயற்கைக்கோள் சொல்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அதை மலைகள் சொல்ல வேண்டியிருந்தது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீண்டுவிடாமல் நிழல் கட்டி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ 12 கி.மீ. நீளத்தை அளக்க 57 நாள் ஆனது. அதன் பிறகு தூரத்தை அளக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. கோணங்களை அளந்தால் போதும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று சென்னையிலிருந்து மங்களூர் வரை போனார்கள். அதுவரை இருந்த வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தை 400 மைல் என்று காட்டிக்கொண்டிருந்தன. லாம்டனின் முக்கோணங்கள் 360 மைல் என்று சொல்லின. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே இல்லாத நிலம் 60 கி.மீ.க்கு மேல் வரைபடத்தில் இடம்பெற்று வந்திருக்கிறது.

அடுத்து அவர் தெற்கு வடக்காக ஒரு வரிசையை எடுத்தார். பெரும் வில் என்று பெயர் பெற்ற அந்த அளவை, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு வளர்ந்தது. ஏற்காடு அந்தத் தீர்க்கரேகைக்குச் சில கல் கிழக்கேதான் இருக்கிறது. கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைச் சுமந்து குன்று குன்றாக ஏறியவர்களுக்கு உயரம் என்பது பார்வையின் எல்லை. சமவெளிக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 129 கி.மீ. தள்ளி இருக்கிறது. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் இந்த விடை வரும். சேர்வராயன் கோயில் மலையில் நிற்கும் யாரும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தின் சன்னலுக்கு அதே கணக்கு 374 கி.மீ. தருகிறது. லாம்டன் 1823இல் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். வில் 1841இல் முடிந்தது. கருவியைத் தூக்கிச் சென்றவர்கள், காட்டை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அதே அளவுக்குப் பாடநூலில் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பூமி சற்றே தட்டையான உருண்டை என்பதைத் துல்லியமாக நிறுவுவதில் இத்தகைய வில்கள் பங்காற்றின. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். நம் ஊர்த் தூரங்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தூரத்தைக் கணக்கிடும்போது, பூமியை முழு உருண்டை என்று கொண்டால் பல பத்துக் கிலோமீட்டர் பிசகக்கூடும்.

உருண்டை என்பதுதான் பெரிய விஷயம். ஒரு பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்து, பெங்களூரு மேல் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடியுங்கள். நூல் விறைக்கும்போது எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். கிழக்கே பசிபிக் பெருங்கடலின் குறுக்கே போகவில்லை; மேற்கே ஐரோப்பா வழியாகவும் போகவில்லை. வடக்குக்கு 20 பாகை கிழக்கே சாய்ந்து கிளம்பி, இமயத்தைக் கடந்து, சைபீரியா வழியாக 71ஆம் வட அட்சரேகை வரை ஏறி, பிறகு தெற்கே இறங்குகிறது. இதுதான் பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தின் வழியே உருண்டையை இரு சம பாதியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. உருண்டையின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது. இந்த இரு நகரங்களுக்கும் அதன் நீளம் ஏறத்தாழ 13,990 கி.மீ. சுவரில் தொங்கும் தட்டையான வரைபடம் துருவத்தை ஒட்டிய நிலத்தை இழுத்து அகலமாக்கிக் காட்டுவதால், குறுக்கு வழி நமக்கு வளைந்ததாகவும் சுற்று வழி நேரானதாகவும் தெரிகிறது.

இந்த இரண்டு நகரங்களை இடைநில்லாமல் இணைக்கும் சேவையை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. ஜோயா அகர்வால் தலைமையில், விமானிகள் அனைவரும் பெண்களாக, போயிங் 777 விமானம் ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, வட துருவப் பகுதியின் மேல் பறந்து, 11ஆம் தேதி விடியுமுன் பெங்களூருவில் இறங்கியது. வானில் இருந்தது சுமார் 17 மணி நேரம். நாள்காட்டியில் இரண்டு தேதி நகர்ந்ததற்குக் காரணம், சான் பிரான்சிஸ்கோவின் குளிர்காலக் கடிகாரம் நம்முடையதைவிட 13½ மணி நேரம் பின்னால் இருப்பது. வெளிநாட்டுப் பயணத்துக்குச் சீட்டு எடுப்பவர்கள் கிளம்பும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்துப் பயண நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு ஊர்க் கடிகாரங்கள்.

அந்த விமானம் நூல் காட்டிய வழியில் அப்படியே பறக்கவில்லை. நீண்ட தூர விமானம் எதுவுமே அப்படிப் பறப்பதில்லை. திபெத்தியப் பீடபூமியின்மேல் பறப்பதை விமானங்கள் கூடியவரை தவிர்க்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், முகமூடியில் வரும் ஆக்சிஜன் தீருமுன் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பீடபூமியின் தரையே 4,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சில நாடுகள் தம் வானைத் திறந்துவிடுவதில்லை. ஓர் இயந்திரம் நின்றுபோனால் குறித்த நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் வழியில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று இருக்கிறது.

காற்றின் கதையைச் சொல்ல மறுபடி ஏற்காட்டுக்குத்தான் வர வேண்டும். ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது, கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அரபிக் கடலிலிருந்து தீபகற்பத்தின் குறுக்கே ஒரு வலுவான மேலைக்காற்று ஓடுகிறது. இந்தியத் தீபகற்பத்தின்மேல் அது இருப்பதை 1966இல் பி.வி. ஜோசப், பி.எல். ராமன் ஆகிய இருவர் எடுத்துக்காட்டினார்கள். ஒன்றரை கிலோமீட்டர் என்பது ஏற்காட்டின் உயரம். ஆடி மாதத்தில் அங்குள்ள லேடீஸ் சீட் பாறையில் நிற்பவர் முகத்தில் அடிப்பது அந்தக் காற்றோட்டத்தின் உயரத்தில் வீசும் காற்று. அதே நாளில், அதே இடத்துக்கு நேர்மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பாய்கிறது. வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டம் எனப்படும் இதை 1950களில் உலகுக்கு விளக்கியவர் பி. கோட்டேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். கோடையில் கடலைவிடவும் திபெத்தியப் பீடபூமியின் மேல் உள்ள காற்று அதிகம் சூடாகிறது. வடக்கே சூடும் தெற்கே ஒப்பளவில் குளிர்ச்சியுமாக உள்ள இந்த வேறுபாடு, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, உயரத்தில் காற்றை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. ஒரே மலைக்கு மேலே இரண்டு காற்றுகள் எதிரெதிராக ஓடுகின்றன என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

பயணிகள் ஜெட் விமானம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. கீழை ஜெட்டின் உச்ச வேகம் அதற்கும் மேலே என்றாலும், அதன் அடிப்பகுதி விமானத்தைத் தொடுகிறது. எனவே ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் விமானத்துக்குப் பின்காற்று கிடைக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போவதற்கு எதிர்க்காற்று. தூரம் இரண்டுக்கும் ஒன்றே, சுமார் 2,900 கி.மீ. குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல் மேலை ஜெட் நிலைகொள்கிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம். லண்டனிலிருந்து சென்னைக்கு 8,200 கி.மீ.க்குச் சற்று அதிகம். அங்கிருந்து வரும்போது ஆகும் நேரத்தைவிட இங்கிருந்து போகும்போது முக்கால் மணி, ஒரு மணி கூடுதலாவது இந்தக் காற்றால்தான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆனால் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் மிதப்பது அந்தக் காற்றில். வெள்ளம் போகும் காவிரியில் பரிசல் துடுப்பின் வேகத்தோடு நீரின் வேகமும் சேர்ந்து நகர்வதைப் போல, விமானத்தின் தரை வேகம் என்பது அதன் சொந்த வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் அடித்த ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. காற்றைப் பொறுத்து அது ஒலியின் வேகத்தை எட்டவே இல்லை.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாமே என்று தோன்றும். பிடிக்க முடியாது. 8,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்று 100 என்று கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் 10 மணி நேரம், பின்காற்றில் 8 மணி நேரம், மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் போய்வர 17 மணி 47 நிமிடம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம். பின்காற்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இதனால்தான் ஒவ்வொரு நாளும் வானிலைக் கணிப்பைப் பார்த்து, போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியாக வகுக்கிறார்கள். பெருவட்டத்தைவிட 500 கி.மீ. நீளமான பாதை சில நாள்களில் நேரத்திலும் எரிபொருளிலும் மலிவாக இருக்கும்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு காமலாபுரத்துக்குத் திரும்பினால், அங்கே நடந்துவரும் விவாதம் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. 1993இல் திறந்த அந்த நிலையத்தில் சேவை நிலைத்து நின்றதில்லை. மண்டல விமானச் சேவைக்கான உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னை விமானம் மீண்டும் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓடுதளத்தின் நீளம் 1,800 மீட்டரை ஒட்டி இருப்பதால் ஏ.டி.ஆர். போன்ற விமானங்களுக்குத்தான் அது வசதி. பெரிய ஜெட் விமானங்கள் வருவதற்கு நிலையத்தை விரிவாக்க, சுற்றியுள்ள பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி முதலிய ஊர்களில் நிலம் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்து வந்திருக்கிறார்கள்.

விரிவாக்கம் நமக்கு எவ்வளவு நேரத்தை மீட்டுத் தரும்? சென்னைக்கு என்றால், மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட்டில் 265 கி.மீ.யை 20 நிமிடத்தில் கடக்கலாம் என்று காகிதம் சொல்லும், ஏ.டி.ஆர்.ஐவிட 12 நிமிடம் மிச்சம். ஆனால் முழு வேகத்தில் போகும் தூரமே குறைவு என்று மேலே பார்த்தோம். ஊர்வது, ஏறுவது, மலையைச் சுற்றி இறங்குவது எதுவும் ஜெட்டுக்காகச் சுருங்காது. மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம் இருக்கலாம். மும்பை சுமார் 985 கி.மீ.; அங்கே அரை மணிக்கு மேல் மிச்சமாகும். டெல்லி 1,870 கி.மீ.; முழுப் பயணிகளோடு ஏ.டி.ஆர். ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தூரத்தை அது தாண்டிவிடுகிறது, ஜெட்டுக்கோ இரண்டரை மணி நேரம். ஆக, நீண்ட ஓடுதளத்தின் பயன் சென்னைப் பயணிக்கு ஏறக்குறைய இல்லை. மும்பைக்கும் டெல்லிக்கும் போகிறவருக்குத்தான் இருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர், இன்று அவர்கள் பெங்களூருவுக்கோ கோவைக்கோ சாலையில் போகச் செலவிடும் மணிகள் எத்தனை என்பதை எண்ணி, விளைநிலத்தின் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சென்னை நெருங்கிவிடும் என்ற பேச்சை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.